இலவசமா, உரிமமா? கடைக்காரர் கேட்கவேண்டிய கேள்வி



தமிழ்ப்பள்ளி ஆசிரியனுக்குக் கடைக் கணினியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். உறவுக்குள் கணினி தெரிந்தவன் ஒருவன் இருந்தால் போதுமே! வாத்தியார் என்றாலும் விடமாட்டார்கள்.

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் என் தாய்மாமா மளிகைக் கடை நடத்துகிறார். 2020ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவருக்குச் சர்வர் எனப்படும் வழங்கிக் கணினி ஒன்றை அமைத்துக் கொடுத்தேன். கடையின் நான்கு கணினிகளும் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். கணக்குகளின் படிகள் ஓரிடத்தில் பாதுகாப்பாக இருக்கவேண்டும். தேவை அவ்வளவுதான். சென்டோஸ் 8 என்னும் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினேன். "காசு வேண்டாம் மாமா, 2029 வரைக்கும் கவலை இல்லை" என்று பெருமையோடு சொல்லியும் வைத்தேன்.

அதே ஆண்டு திசம்பரில் அறிவிப்பு வந்தது. சென்டோஸ் 8க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2021 திசம்பர் 31உடன் நின்றுவிடுமாம்! மாமாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"என்னா மாப்ள, சாமானும் இலவசம், சொன்ன வாக்கும் இலவசந்தானா?"

தலைகுனிந்தேன். என் கையில் இல்லாத ஒன்றுக்கு நான் வாக்குக் கொடுத்தது என் தவறுதானே!

பிரிக்பீல்ட்சில் கணக்கு எழுதும் அலுவலகம் வைத்திருக்கும் என் நண்பர் வேறு வழியில் சென்றவர். அவர் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் விண்டோசில் மட்டுமே இயங்கும். ஆகவே, 2019இல் விண்டோஸ் சர்வர் 2016 வாங்கினார். அதில் வழங்கிக்கு ஓர் உரிமம். அதனோடு இணையும் ஒவ்வொருவருக்கும் அல்லது ஒவ்வொரு கணினிக்கும் தனி உரிமம். ஆள் கூடினால் செலவும் கூடும். ஆனால், பழுது என்றால் பார்க்கத் தெரிந்தவர் அடுத்த தெருவிலேயே கிடைக்கிறார். அது சிறிய நன்மையன்று.

ஆயினும், அங்கும் ஒரு நுட்பம் உண்டு. விண்டோஸ் சர்வருக்குப் பத்தாண்டு ஆதரவு என்பது வெளியீட்டை ஒட்டிக் கணக்கிடப்படுவது. நாம் வாங்கும் நாளிலிருந்து அன்று. 2016 பதிப்புக்கு 2027 சனவரி 12தான் எல்லை. பத்தாண்டு என்று எண்ணி வாங்கிய நண்பருக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஏழரை ஆண்டுதான்.

இந்த ஆண்டுக் கணக்கு ஏன் முக்கியம்? நம் நாட்டின் 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி வணிகக் கணக்குகளை ஏழாண்டுக் காலம் பாதுகாத்து வைத்திருக்கவேண்டும். 2024 ஆகஸ்டு முதல் மின்விலைப்பட்டியலும் கட்டங்கட்டமாக வந்துவிட்டது. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கம்பியில் குத்தி வைத்த பற்றுச்சீட்டுக் காலம் மலையேறுகிறது. திருத்தம் நின்றுபோன கணினியில் ஏழாண்டுக் கணக்கை வைப்பது, பூட்டில்லாத பெட்டியில் நகையை வைப்பதற்கு ஒப்பாகும். 2017 மே மாதம் பரவிய 'வான்னாகிரை' என்னும் பணயத் தீநிரல், திருத்தம் இடப்படாத கணினிகளைத்தானே தேடித் தேடிப் பிடித்தது?

சரி, மாமாவின் கணினி என்ன ஆயிற்று? சென்டோஸ் கைவிட்ட இடத்தை நிரப்பப் பிறர் முன்வந்தார்கள். 2021 மார்ச்சில் அல்மாலினக்ஸ் வெளிவந்தது. அதன் பின்னர் ராக்கி லினக்ஸ் வந்தது. மூலநிரல் திறந்திருந்ததால் அது இயன்றது. பள்ளி விடுமுறையில் ஓர் இரவு உட்கார்ந்து அல்மாலினக்சுக்கு மாற்றினேன். கோப்பு ஒன்றும் அழியவில்லை. அதற்கும் 2029 வரை ஆதரவு உண்டு. ஒருவர் விட்ட வாக்கை இன்னொருவர் எடுத்து நிறைவேற்ற முடிவது திறமூலத்தின் பெருமை. விண்டோசில் அதற்கு வழியில்லை. ஆனால், அந்த ஓர் இரவு உட்கார ஓர் ஆள் வேண்டுமே! நான் இல்லையென்றால் மாமா யாரிடம் போயிருப்பார்?

ஆகவே, 'எது இலவசம்' என்று தொடங்காதீர்கள். இந்த மூன்றைக் கேளுங்கள்:

1. என் கணக்கு மென்பொருள் எதில் இயங்கும்?
2. இன்றிலிருந்து எத்தனை ஆண்டு திருத்தங்கள் வரும்?
3. அமைத்துக் கொடுத்தவர் இல்லாத நாளில் யார் வருவார்?

முதற்கேள்விக்கு விண்டோஸ் என்பது விடையானால் உரிமத்தோடு வாங்குங்கள், திருட்டுப்படி வேண்டாம். கோப்புப் பகிர்வும் சேமிப்பும் மட்டுமே தேவையென்றால், மூன்றாம் கேள்விக்கு ஆள் உள்ளவர்களுக்கு லினக்சே என் பரிந்துரை. ஆள் இல்லையேல் இலவசமும் விலை மிகுந்ததே.

இப்பொழுது மாமாவின் கல்லாப்பெட்டிக்குள் ஒரு குறிப்பேடு இருக்கிறது. கடவுச்சொல், ஆதரவு முடியும் நாள், படியெடுக்கும் முறை யாவற்றையும் தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதை நான் 2020இலேயே செய்திருக்கவேண்டும்.