கன அடிக்கு எவ்வளவு?

கல்பாக்கம் பக்கம் வீடு கட்டுகிறவர்களிடம் சிமென்ட் மூட்டை என்ன விலை, கம்பி டன் எவ்வளவு என்று கேட்டால் சட்டென்று பதில் வரும். மரம் என்றதும் குரல் இறங்கிவிடும். "அதெல்லாம் ஆசாரி பார்த்துப்பார்!"

மஞ்சள், குங்குமம் வைத்து, பூஜை போட்டு நிறுத்துகிற தலைவாசல் நிலைக்கே இந்தக் கதிதான். நல்ல நாள் நெருங்கும் அவசரத்தில் கடைக்கு ஓடுவார்கள். பணம் நழுவுவது அங்கேதான்.

புதுப்பட்டினத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். வந்த பணத்தில் வீடு எழும்புகிறது. செங்கல்பட்டில் ஒரு கடையில் தேக்கு கன அடி 4,000 ரூபாய். இன்னொன்றில் 3,600. 'கன அடிக்கு 400 ரூபாய் மிச்சம்' என்று அவர் இரண்டாவது கடைக்குக் கிளம்புகிறார். மனைவி வாசல்வரை வந்து சொல்கிறார்: "ஏங்க, டேப்பை எடுத்துக்கிட்டுப் போங்க."

டேப் சொல்லும் கணக்கு இது. அகலத்தையும் கனத்தையும் இன்ச்சில் பெருக்கி, அடியில் உள்ள நீளத்தால் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி. நிலைக்கு ஐந்துக்கு மூன்று இன்ச் சட்டம், 7 அடியில் இரண்டு, மூன்றரை அடியில் இரண்டு. மொத்தம் 21 அடி நீளம். 5 × 3 × 21 ÷ 144 = 2.19 கன அடி. 3,600 வீதம் 7,875 ரூபாய்.

ஆனால் சட்டத்தை அளந்தால் நாலரைக்கு இரண்டே முக்கால் இன்ச்தான் இருக்கிறது! கையில் இருப்பது 1.8 கன அடி. அப்படியானால் அவர் கொடுக்கப்போகும் உண்மை விலை கன அடிக்கு 4,360 ரூபாய்க்கும் மேல். மலிவான கடைதான் விலை கூடிய கடை.

"இழைச்சதுல போச்சு சார்" என்று பதில் வரலாம். அது நியாயமாகவும் இருக்கலாம். அதனால்தான் சொல்லும் அளவு இழைப்பதற்கு முன்பா, பின்பா என்பதை விலை பேசும்போதே கேட்டுவிட வேண்டும். ஒவ்வொரு சட்டத்தின் அளவும் எழுதிய சீட்டும், முறையான பில்லும் கையில் இருந்தால் பிறகு வாக்குவாதம் இல்லை.

அடுத்தது பெயர். 'பர்மா தேக்கு' என்றாலே விலை ஏறிவிடும். மியான்மர் 2014 ஏப்ரல் முதல் உருட்டு மர ஏற்றுமதியைத் தடை செய்துவிட்டது. இன்று வரும் தேக்கில் பெரும்பங்கு கானா, ஈக்வடார், கோஸ்டாரிகா போன்ற நாடுகளின் தோட்டங்களில் வளர்ந்தது. தோட்டத் தேக்கு மட்டம் என்று பொருளில்லை. 1840-களில் நட ஆரம்பித்த நிலம்பூர் தேக்கும் தோட்டத் தேக்குதான். எந்த ஊர் மரமோ, அந்த ஊர் விலையைக் கொடுத்தால் போதும்.

சட்டத்தின் வெட்டுமுனையைப் பார்ப்பது நல்லது. நடுவில் கருத்திருப்பது வைரம். ஓரத்தில் வெளுத்திருப்பது இளமரம். பூச்சி முதலில் அதைத்தான் தேடும். சாயம் பூசி வெளுப்பை மறைத்திருந்தால், ஒரு மூலையைச் சீவிக் காட்டச் சொல்லலாம். கடற்காற்றில் ஈரம் அதிகம். காயாத மரத்தில் கதவு செய்தால் வெயிலில் சுருங்கி இடைவெளி விடும். ஈரம் பார்க்கும் சின்ன மீட்டர் பல கடைகளில் உண்டு. வைத்துக் காட்டச் சொல்வதில் தப்பில்லை. இந்த ஊர் உப்புக் காற்றுக்கு இரும்பு ஸ்க்ரூ துருப்பிடிக்கும். பித்தளையோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ நல்லது.

வீடு முழுக்கத் தேக்குதான் வேண்டுமா என்பதும் ஒரு கேள்வி. நம் பாட்டன் காலத்து ஜன்னல்களில் வேம்பு இருந்தது. கடற்கரையில் தானே வளரும் பூவரசு கட்டிலுக்கும் பெஞ்சுக்கும் உழைக்கும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் எத்தனையோ மரங்களைச் சாய்த்தது. சொந்த நிலத்தில் நல்ல மரம் விழுந்தால், விறகுக்கு விற்குமுன் அறுவை மில்லில் ஒரு வார்த்தை கேட்கலாம். தேக்கு என்றால் வனத்துறை அனுமதி பற்றி முதலில் விசாரிக்க வேண்டும். வீடு இடித்த பழைய மரமும் நன்றாகக் காய்ந்திருக்கும். ஆணியும் பூச்சி அரிப்பும் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

கடைசியாக ஆசாரி. அவரில்லாமல் மரக்கடைக்குப் போகக் கூடாது. ஆனால் கடைக்கு வரும் அரை நாளுக்குப் பல வீடுகளில் கூலி கொடுப்பதில்லை. அந்தக் கூலியைக் கடைக்காரர் கமிஷனாகக் கொடுத்தால், அதுவும் வீட்டுக்காரரின் பில்லில்தான் ஏறும். அரை நாள் கூலியைக் கையில் கொடுத்துவிட்டால், ஆசாரியின் கண் வீட்டுக்காரருக்காகப் பார்க்கும்.

புதுப்பட்டினத்துக்காரர் முதல் கடைக்கே திரும்பினார். அங்கேயும் டேப் வெளியே வந்தது. ஐந்துக்கு மூன்று சரியாக இருந்தது. 8,750 ரூபாய் கொடுத்தார். வீட்டில் மனைவி கேட்டது ஒன்றுதான்:

"ஆசாரிக்குக் கூலி கொடுத்தீங்களா?"