மிச்சக் காசு

கடன் கேட்கக் கூச்சப்படாதவர்கள் நம்மிடையே ஏராளம். ரசீதுப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கோவில் திருப்பணிக்கென்றும் பாடசாலையின் நூற்றாண்டு விழாவுக்கென்றும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் வந்து நிற்பவர்கள் எவரும் தயங்கி நான் கண்டதில்லை. அமைச்சர் நித்திரை விட்டு எழும்புவதற்கு முன்னரே, மகனுக்கு வேலை கேட்டு அவருடைய வீட்டு முற்றத்தில் இடம்பிடிப்பவர்களையும் பத்திரிகைத் தொழிலில் நிறையவே பார்த்திருக்கிறேன். இவ்வளவு துணிவு மிக்க சமூகத்துக்கு ஒரேயொரு விடயத்தைக் கேட்க மட்டும் நா எழுவதில்லை. தன்னுடைய சொந்தப் பணமான 2 ரூபாவைத் திருப்பிக் கேட்பதுதான் அது.

மிச்சக் காசைப் பற்றித்தான் சொல்கிறேன்.

கொழும்பு காலி வீதியில் ஓடும் தனியார் பஸ் ஒன்றில் ஏறிப் பாருங்கள். நடத்துநர் உளவியல் படிக்காமலே அதில் தேர்ச்சி பெற்றவர். நோட்டை வாங்கும்போது உங்களைப் பார்ப்பார். மிச்சம் கொடுக்க வேண்டிய வேளையில் வீதியைப் பார்ப்பார். வாய்விட்டுக் கேட்டால், "இன்ன, தென்னம்" என்பார். 'பொறுங்கள், தருவேன்' என்பது அதன் பொருள். எதிர்கால வினைமுற்று. அந்த எதிர்காலம் வெள்ளவத்தையில் வருமா, பம்பலப்பிட்டியில் வருமா, கொள்ளுப்பிட்டியில் வருமா என்பதை எந்த இலக்கண நூலும் சொல்வதில்லை. அடுத்ததாக, "இஸ்ஸரஹட்ட யன்ன" என்று ஒரு கட்டளை பிறக்கும். முன்னால் போகச் சொல்கிறார். நீங்களும் கீழ்ப்படிந்து முன்னால் போகிறீர்கள். இப்போது உங்களுக்கும் உங்கள் 2 ரூபாவுக்கும் இடையில் நாற்பது பேர் நிற்கிறார்கள்.

பஸ் சேவைகள் தேசியமயமாக்கப்பட்டு 1958 ஆம் ஆண்டில் இலங்கைப் போக்குவரத்துச் சபை தொடங்கியது. சபையின் பஸ்களில் சில்லறை இல்லாவிட்டால், கொடுக்க வேண்டிய மிச்சத்தை நடத்துநர் பயணச் சீட்டின் பின்புறத்தில் பென்சிலால் எழுதித் தருவார். அந்தக் கிறுக்கல் கடன் பத்திரத்துக்குச் சமம். இறங்கும்போது அதை நீட்டினால் காசு வரும். 1979 இல் தனியார் பஸ்கள் மீண்டும் வீதிக்கு வந்தன. அவற்றுட் பலவற்றில் பயணச் சீட்டு என்ற பொருளே இல்லாமற்போயிற்று. எழுதிக் கொடுக்கக் கடதாசி இல்லாத இடத்தில் கடன் ஏது, கடன்காரர் ஏது?

2024 ஜூலையில் ஆகக்குறைந்த பஸ் கட்டணம் 30 ரூபாவிலிருந்து 28 ரூபாவாகக் குறைக்கப்பட்டது. பத்திரிகைகளில் அது முதற்பக்கச் செய்தி. பயணி வழக்கம்போல் 30 ரூபாவைக் கொடுத்தார். நடத்துநர் வழக்கம்போல் 30 ரூபாவை வாங்கினார். குறைக்கப்பட்ட 2 ரூபாவைப் பத்திரிகை வாசித்தவர்கள் பார்த்தார்கள். பஸ்ஸில் போனவர்கள் பலர் பார்க்கவில்லை. கட்டணம் ஏறினால் நள்ளிரவு 12 மணிக்கு அமுலுக்கு வந்துவிடும். 2022 இல் அது 40 ரூபா வரை ஏறியபோது, ஒரு நடத்துநராவது பழைய பழக்கத்தில் குறைத்து வாங்கியதாக நான் கேள்விப்படவில்லை.

பயணிகளிலும் பல வகையினர் உண்டு. சரியான சில்லறையை வீட்டிலேயே எண்ணி உள்ளங்கையில் பொத்திக்கொண்டு வருபவர்கள் ஞானிகள். மிச்சத்தைக் கேட்காமல் நடத்துநரின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் மனச்சாட்சியில் நம்பிக்கை உள்ளவர்கள். "வைத்துக்கொள்" என்பதாகக் கையை அசைத்து, ஒரு தேயிலைத் தோட்டத்தையே தானம் செய்தவரைப் போல இறங்கிப் போகிறவர்கள் மூன்றாம் வகையினர். நாலாவது வகையினரை நடத்துநரே உருவாக்குகிறார். ஒரு 50 ரூபா நோட்டை இருவரிடம் கொடுத்து, "பிரித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி இறக்கிவிடுகிறார். முன்பின் அறியாத இரண்டு பேர் நடுவீதியில் பங்காளிகளாகி, ஒரு நோட்டின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு வெற்றிலைக் கடை தேடி நடக்கும் காட்சியை, உலகத்தில் வேறெங்கும் காண்பது அரிது. சிலர் அந்த வழியில் ஒருவருக்கொருவர் ஊர் விசாரித்து உறவினராகியும் இருக்கிறார்கள்.

இத்தனை பேருக்கும் நடுவில், "மிச்சம் தா" என்று வாய்திறந்து கேட்கும் ஒருவர் இருப்பார். பஸ் முழுவதும் அவரைத்தான் திரும்பிப் பார்க்கும். கொடுக்காதவரை எவரும் பார்ப்பதில்லை. அவர் யாழ்ப்பாணத்தவராகவும் இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். நம்முடைய சிக்கனத்தைப் பற்றி நாட்டில் வழங்கும் கதைகளோடு அன்று ஒன்று கூடிவிடும்.

கடைகளின் வழி இன்னும் இனிமையானது. அங்கே மிச்சத்துக்குப் பதிலாக ரொபி தருவார்கள். என்னோடு பணியாற்றிய ஒப்புநோக்குநர் ஒருவர் இருந்தார். பிழை கண்டுபிடிப்பதே அவருடைய தொழில். அலுவலகத்துக்கு அண்மையிலிருந்த கடையில் மிச்சத்துக்கென்று கொடுத்த ரொபிகளை உண்ணாமல் ஒரு போத்தலில் சேர்த்து வைத்தார். போத்தல் நிறைந்ததும் அதைக் கடைக்கு எடுத்துச் சென்று, ஒரு சவர்க்காரத்தை வாங்கிக்கொண்டு, விலைக்கு ஈடாக ரொபிகளை எண்ணி வைத்தார். காசாளர் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இவை திகதி முடிந்தவை, ஐயா" என்றார். நம் நாட்டின் நாணயங்களில் காலாவதித் திகதி அச்சிடப்பட்ட ஒரே நாணயம் ரொபிதான் என்று ஒப்புநோக்குநர் எங்களிடம் வந்து அறிவித்தார்.

நல்ல நாணயங்கள் நம்மிடம் இல்லாமல் இருக்கவில்லை. 5 சதம் சதுரமானது. 2 சதத்துக்கும் 10 சதத்துக்கும் விளிம்பு பூவிதழ் போல வளைந்திருக்கும். விளக்கில்லாத இரவிலும் ஆச்சிமார் மடிச்சீலைக்குள் கையை விட்டு, தடவிப் பார்த்தே சரியான காசை எடுப்பார்கள். கடைக்குப் போன சிறுவன் 2 சதம் கூடுதலாகக் கொண்டுவந்தால், போன வேகத்திலேயே திருப்பி அனுப்பப்படுவான். இப்போது சதம் நம் கையில் இல்லை, வாயில் இருக்கிறது. 'ஒரு சதத்துக்கும் உதவாதவன்' என்று இன்றும் ஏசுகிறோம். மின்சாரப் பட்டியலிலும் தண்ணீர்ப் பட்டியலிலும் சதக் கணக்கு தவறாமல் வருகிறது. சதம் இறந்துவிட்டது, அதன் ஆவி மட்டும் அரசாங்கக் கடதாசிகளில் உலாவுகிறது.

நாணயம் அழிவது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. கனடாவிலிருக்கும் வாசகர்களுக்கு அது தெரிந்திருக்கும். அங்கே 2013 பெப்ரவரியில் ஒரு சத நாணயத்தை விநியோகிப்பதை நிறுத்தினார்கள். ரொக்கமாகக் கொடுக்கும்போது மொத்தத் தொகையை அருகிலுள்ள 5 சதத்துக்குச் சரிசெய்ய வேண்டும் என்றும் வழிகாட்டினார்கள். 1, 2 மிஞ்சினால் கீழே இறங்கும். 3, 4 மிஞ்சினால் மேலே ஏறும். ஒரு நாள் கடைக்காரருக்கு நட்டம், மறுநாள் வாங்குபவருக்கு நட்டம். நம்மூரிலும் அந்தச் சரிசெய்தல் நடக்கிறது. ஆனால், அது எப்போதும் ஒரே திசையில்தான். 28 ரூபா 30 ஆகும். 32 ரூபா ஒருநாளும் 30 ஆனதில்லை.

ஒரு ரூபாவை ஒரு ரூபாவாகவே மதிக்கும் இடம் ஒன்று இலங்கையில் எஞ்சியிருக்கிறது. நல்லூர்க் கந்தசுவாமி கோவிலில் அர்ச்சனைச் சீட்டின் விலை இன்றும் 1 ரூபாதான். எத்தனையோ அரசாங்கங்களையும் எத்தனையோ விலைவாசிகளையும் பார்த்த பிறகும் முருகன் கட்டணத்தை உயர்த்தவில்லை. அங்கே நுழையும்போதுதான், நாணயத்துக்கு 'நாணயம்' என்று பெயரிட்ட நம் முன்னோர் நேர்மைக்கும் அதே சொல்லை வைத்ததன் காரணம் விளங்குகிறது.

இதுவரை சொன்னவை சிரிப்பதற்குரியவை. ஆனால், நம்மவர்கள் பலர் மிச்சக் காசு கேட்காமல் இருந்ததற்குக் கூச்சம் மட்டும் காரணமன்று.

1980 களிலும் 1990 களிலும் கொழும்பில் வேலை பார்த்த தமிழர்களைக் கேட்டுப் பாருங்கள். பஸ்ஸில் அவர்கள் பெரும்பாலும் ஊமைகளாகவே பயணம் செய்தார்கள். மிச்சக் காசுக்குச் சிங்களத்தில் 'இதுரு சல்லி' என்பார்கள். இரண்டே சொற்கள். குழந்தையும் சொல்லக்கூடியவை. ஆயினும், அந்த இரண்டு சொற்களைச் சொல்லி முடிப்பதற்குள் சொல்பவர் யாரென்பது பஸ் முழுவதற்கும் தெரிந்துவிடும். 1983 ஜூலையில், வாளிக்குச் சிங்களத்தில் வழங்கும் சொல்லை உச்சரிக்கச் சொல்லி ஆளை அடையாளம் கண்டார்கள். நாக்கு புரளும் விதத்தில் உயிர் தங்கியிருந்த நாட்கள் அவை. அதை அறிந்த எவருக்கும் 50 சதத்துக்காக வாய் திறப்பது மலிவான காரியமாகத் தோன்றியிருக்காது.

நானும் அந்த பஸ்களில் போனவன்தான். பகலெல்லாம் அலுவலகத்திலிருந்து அரசாங்கத்தை நோக்கிக் கேள்விகளை எழுதுவோம். பெரிய எழுத்துகளில் அவை அச்சாகும். இரவு கடைசி பஸ்ஸில் வீடு திரும்பும்போது நடத்துநரிடம் அந்த 50 சதத்தைக் கேட்கமாட்டோம். பக்கத்து இருக்கையில் இருந்தவர்கள் எங்களைப் பெருந்தன்மை மிக்க கனவான்கள் என்று எண்ணியிருக்கக்கூடும். நாட்டில் தமிழரின் பெருந்தன்மை உச்சத்தில் இருந்த காலம் அது!

அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது 1987 இல். போர் முடிந்தது 2009 மே மாதத்தில். அரசியலமைப்பிலிருந்து பஸ்ஸின் மிதிபலகைக்கு ஒரு மொழி வந்துசேர எவ்வளவு காலம் செல்லும் என்பதற்கு அட்டவணை எதுவும் கிடையாது. அண்மையில் வெள்ளவத்தையில், தனியார் வகுப்புக்குப் போகும் வயதிலிருந்த ஒரு பெண்பிள்ளை பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, "அண்ணா, மிச்சக் காசு தாங்கோ" என்று கேட்டதைக் கண்டேன். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. சிங்களத்தைத் தேடவுமில்லை. நடத்துநர் சட்டைப் பையைத் துழாவிக்கொண்டே, "தாறேன் நங்கி" என்றார். 'நங்கி' என்றால் தங்கை. அரைவாசி தமிழ், அரைவாசி சிங்களம். காசு கைமாறியது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நடத்துநர்களைத் திருடர்கள் என்று சொல்வது என் நோக்கமன்று. காலையில் முதலாவதாக ஏறுபவரே 5,000 ரூபா நோட்டை நீட்டினால் அவர்தான் என்ன செய்வார்? தனியார் பஸ்ஸில் அன்றைய வசூலைப் பொறுத்தே அவருக்கு அன்றைய கூலி. அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு. ஆனால், போகவும் வரவும் 2 ரூபா வீதம் மாதத்தில் 25 நாட்கள் இழக்கும் ஒருவருக்கு ஆண்டில் 1,200 ரூபா போகிறது. கூலி வேலைக்குப் போகும் பெண்ணொருத்திக்கு அது பிள்ளையின் கொப்பிகளுக்கான பணம். அவள் கேட்பது பிச்சையன்று, கணக்கு. 2 ரூபாவுக்குக் கணக்குக் கேட்பவனைக் கஞ்சன் என்று சிரித்துப் பழகிய நாட்டில், கோடிகளுக்குக் கணக்குக் கேட்பவனைத் துரோகி என்று சொல்வது மிகவும் இலகுவாகிவிடுகிறது. சிறிய தொகையில் வாயை மூடப் பழகியவர்களுக்குப் பெரிய தொகை வரும்போது வாயை எப்படித் திறப்பதென்று தெரிவதில்லை.

ஆகவே, உங்களுக்கு அருகில் நிற்பவர் அடுத்த முறை மிச்சம் கேட்டால் சிரிக்காதீர்கள். முடிந்தால் அவரோடு சேர்ந்து நீங்களும் கேளுங்கள். தமிழிலேயே கேளுங்கள். சற்று விரைந்து கேட்பதும் நல்லது. ஏனெனில், இப்போது சில பஸ்களில் வங்கி அட்டையால் கட்டணம் செலுத்தும் வசதி வந்துவிட்டது. அட்டையிலிருந்து உரிய தொகை சதம் பிசகாமல் கழிந்துவிடும். நோட்டும் இல்லை, மிச்சமும் இல்லை. பயமில்லாமல் மிச்சக் காசு கேட்க நம் பிள்ளைகள் பழகிக்கொண்ட நேரம் பார்த்து, மிச்சக் காசே இல்லாமற் போகப்போகிறது.