ஒரு ஜன்னலுக்கு எத்தனை கையெழுத்து?

வீட்டுக்கு வெளியே பெயிண்ட் அடிக்கக்கூட மாநகராட்சியிடம் எழுதி வாங்கணும் என்று ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் மும்பையில் பாரம்பரியப் பட்டியலில் இருக்கும் கட்டிடங்களுக்கு அதுதான் சட்டம். 1995-ல் வந்தது. இந்திய நகரங்களில் இப்படி ஒரு விதி முதலில் வந்தது இங்கேதான். பூச்சு வேலை, பழுதுபார்ப்பு, ஜன்னல் மாற்றுவது, எதுவானாலும் கமிஷனரின் எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். அவருக்கு ஆலோசனை சொல்ல ஒரு பாரம்பரியக் குழு.

நம்மாள் ஒருவர் ஓவல் மைதானத்துக்கு எதிர் வரிசையில் இருக்கிறார். தாத்தா நாற்பதுகளில் குமாஸ்தா வேலைக்கு வந்து வாடகைக்குப் பிடித்த வீடு. இன்னும் பழைய வாடகைதான் (பொறாமைப்படாதீர்கள், மழையில் வந்து பாருங்கள்!). இரும்புச் சட்டம் போட்ட ஜன்னல்கள். கடல் காற்றில் துரு ஏறி, சட்டம் உப்பி, கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், அதனால்தான் கண்ணாடி உடைகிறது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை படுக்கை ஓரத்தில் பக்கெட்.

அலுமினிய ஆள் இரண்டு நாளில் ஸ்லைடிங் ஜன்னல் போட்டுத் தருகிறேன் என்கிறான். அனுமதிக்குப் போனால் ஆர்க்கிடெக்ட், வரைபடம், போட்டோ, அதற்குமேல் வீட்டு உரிமையாளரின் கையெழுத்து. உரிமையாளர் போனே எடுப்பதில்லை. இந்த வாடகைக்கு அவர் ஏன் எடுக்கப் போகிறார்? "நான் என்ன மியூசியத்துலயா குடியிருக்கேன்?" என்று கேட்கிறார் நண்பர். நியாயமான கேள்வி.

இருந்தாலும் நான் சட்டத்தின் பக்கம்தான். திட்டாதீர்கள், சொல்கிறேன்.

அந்த வரிசை முப்பதுகளில் எழுந்த ஆர்ட் டெக்கோ கட்டிடங்கள். கான்கிரீட் வந்த பிறகுதான் மூலையைச் சுற்றித் திரும்பும் அகலமான ஜன்னல் வைக்க முடிந்தது. அதன் மேலே புருவம் மாதிரி நீளும் சன்ஷேடு, கம்பியில் அலையும் சூரியக் கதிரும். ஜன்னலை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் பெட்டி. மைதானத்துக்கு அந்தப் பக்கம் ராஜாபாய் கோபுரம், உயர் நீதிமன்றம். இரண்டு பக்கத்தையும் சேர்த்துத்தான் 2018-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. ஒரு ஜன்னலால் தெரு கெட்டுவிடாது. ஆனால் ஒருத்தர் மாற்றினால் மேல்மாடிக்காரரும் மாற்றுவார். பத்து வருஷத்தில் தெருவே மாறிப்போகும்.

இன்னொரு விஷயம். ஸ்லைடிங் ஜன்னல் எப்போதும் பாதிதான் திறக்கும். பழைய ஜன்னல் இரண்டு கதவையும் விரித்தால் முழுக்கத் திறக்கும். கடல் காற்றுக்காகவே கட்டிய வீட்டில் பாதியை அடைத்துவிட்டு ஏசி வாங்குகிறோம். அந்த ஏசிப் பெட்டியும் வெளிச்சுவரில்தான் தொங்கும்.

சரி, அப்ப பக்கெட்டுக்கு என்ன வழி? இங்கேதான் சட்டத்தை நடத்தும் விதத்தோடு எனக்குச் சண்டை. கம்பியைச் சுரண்டி, துருப்பிடித்த துண்டை வெட்டி, புதுத் துண்டை வெல்டிங் செய்து, ரெட் ஆக்சைடு அடித்து, கண்ணாடி மாற்றுவது பழுதுபார்ப்பு. உருவம் மாறுவதில்லை. இதற்கு ஒரு கடிதமும் முன்-பின் போட்டோவும் போதும் என்று வைக்கலாம். குழு வரை போக வேண்டியதில்லை.

முழுசாக மாற்றித்தான் ஆகணும் என்றால், அந்த வரிசைக்கு எந்த மாதிரி, எத்தனை கட்டம், என்ன நிறம் என்று மாநகராட்சியே ஒரு வரைபடம் போட்டு வைக்கட்டும். பழைய அமைப்பிலேயே மெல்லிய சட்டம் வைத்து அலுமினியத்திலும் செய்ய முடியும். வரைபடத்தின்படி செய்கிறவருக்கு இத்தனை நாளுக்குள் பதில் என்று கெடு வையுங்கள். உரிமையாளர் வாய் திறக்காவிட்டால் குடியிருப்பவரே விண்ணப்பிக்க வழி கொடுங்கள். மழையில் நனைவது அவர்தானே?

செலவு? பழுதுபார்க்கத் தெரிந்த கைகள் குறைவு, அலுமினியத்தைவிடக் கூட ஆகலாம். தெருவின் அழகு ஊருக்கே பொது என்றால் செலவில் ஒரு பங்கும் பொதுவாக இருக்கணும். சொத்து வரியில் கொஞ்சம் கழித்தாலே போதும். அழகு எல்லாருக்கும், பக்கெட் மட்டும் ஒருத்தருக்கு என்றால் எந்தச் சட்டமும் நிற்காது. ராத்திரியோடு ராத்திரியாக அலுமினியம் ஏறிவிடும். ஏறிக்கொண்டும் இருக்கிறது.

இப்படிக் கட்டிடங்களில் இருக்கும் நம் மக்களுக்கு ஒரு வார்த்தை: தனித்தனியாக அலையாதீர்கள். கட்டிடம் முழுக்கச் சேர்ந்து ஒரே ஆர்க்கிடெக்ட், ஒரே வரைபடம், ஒரே மனு. செலவும் பிரியும், உரிமையாளருக்கும் எட்டுக் குடும்பத்தைத் தட்டிக் கழிப்பது கஷ்டம். அதுவரைக்கும் பழைய கதவைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். அளவெடுக்க அதுதான் ஒரே சாட்சி :-)