செய்திக்கும் ஒரு மதகு வேண்டும்

நம் இல்லங்கள் பலவற்றில் ஃபஜ்ருடைய பாங்கு முடிவதற்குள் கைபேசி ஒளிர்ந்துவிடுகிறது. உளூச் செய்வதற்கு முன்பே ஒரு போரும் ஒரு விபத்தும் ஒரு வசைப்பேச்சும் உள்ளத்தில் புகுந்து அமர்ந்துவிடுகின்றன. இஷாவுக்குப் பின்னும் தொலைக்காட்சி விவாதம் ஓய்வதில்லை. தொழுகையில் ஓர்மை கூடவில்லை என்று வருந்துவோர் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

செய்தியே கூடாது என்பது நம் கருத்தன்று. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவாக அமைந்துள்ள ஸ்ரீரங்கத்தாருக்கும், எதிர்க்கரைத் திருச்சியாருக்கும், முக்கொம்பில் எவ்வளவு தண்ணீர் திறக்கப்படுகிறது என்பது அவசியமான செய்தி. 2018 ஆகஸ்ட் 22 அன்று முக்கொம்பில் கொள்ளிடம் கதவணையின் 9 மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதை நாம் மறக்கவில்லை. அத்தகைய செய்தி நம்மைச் செயலுக்கு அழைக்கிறது. ஆற்றில் இறங்காதிருக்கிறோம், தாழ்வான பகுதியில் வாழும் உறவினரை எச்சரிக்கிறோம். செயலுக்கு அழைக்காமல் நெஞ்சை மட்டும் கொதிக்க வைக்கும் செய்தியோ மதகில்லாத வெள்ளம்.

திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கப்பெற்றது. வானொலிக் காலத்தில் செய்திக்கென்று ஒரு வேளை இருந்தது. வாசித்து முடிந்ததும் வீடு தன் அலுவலுக்குத் திரும்பியது. இன்றைய அலைவரிசைகளுக்கு முடிவே இல்லை. நம் கவனமே அவற்றின் வருவாய்; அச்சமும் சினமும் நம்மைத் திரைமுன் கட்டிப்போடும் என்பதை அவை நன்கறியும்.

2020இல் கொரோனா பரவலுக்குத் தப்லீக் ஜமாஅத்தினரே காரணம் எனப் பல அலைவரிசைகள் முழங்கின. அவ்வாண்டு ஆகஸ்ட் 21 அன்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்து செய்தது. ஊடகங்களின் பரப்புரையையும் கண்டித்தது. முழக்கத்தைக் கேட்டவர்களுள் எத்தனை பேர் அத்தீர்ப்பை அறிந்தார்கள்? நாள்தோறும் இத்தகைய முழக்கத்தைக் கேட்கும் இரு சமயத்தாரும் மறுநாள் காந்தி மார்க்கெட்டில் ஒருவரையொருவர் ஐயத்தோடு நோக்கினால், இழப்பு இருவருக்குமே.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீதான அவதூறு ஏறக்குறைய ஒரு மாத காலம் மதீனாவில் உலவியது. அதனைக் கேட்டவுடன் ஆராயாது நாவால் பரப்பியோரை அந்நூர் அத்தியாயம் கண்டிக்கிறது. தீயவர் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் கட்டளையிடுகிறது. கேட்டதையெல்லாம் பிறருக்குச் சொல்வதே ஒருவர் பொய்யராவதற்குப் போதுமென்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள்.

“காஸாவில் குழந்தைகள் மடியும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வது உம்மத்துக்குச் செய்யும் துரோகமல்லவா?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆயினும், ஒருமுறை அறிந்தபின் நாற்பது முறை பார்ப்பதால் அவர்களுக்கு ஒரு கவளம் உணவும் கூடுவதில்லை. அந்நேரத்தில் இரண்டு ரக்அத் தொழுது கையேந்தலாம். இயன்ற ஸதக்காவை ஒதுக்கலாம். பிள்ளைகளுக்குப் பாலஸ்தீன வரலாற்றைச் சொல்லித் தரலாம். அழுது சோர்வதினும் அறிந்து உதவுவதே சகோதரத்துவம்.

ஆகவே வீட்டிற்கு ஒரு வரையறை செய்துகொள்வோம். ஃபஜ்ர் தொழுது, குர்ஆன் ஓதியபின்னரே கைபேசி. செய்திக்கு அஸருக்குப் பின் அரைமணி நேரம் போதும். இஷாவுக்குப் பின் வீண் பேச்சை நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள். தொலைக்காட்சி விவாதத்தை அப்பொழுதே அணைத்துவிடுவோம். உறுதி செய்யாத எதையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகிராதிருப்போம். மழைக்காலத்தில் ஆற்றின் நீர்வரத்தை மட்டும் எந்நேரமும் கேட்டறிவோம்.

திக்ரால் அமைதியுறும் உள்ளங்களை அல்லாஹ் நமக்கும் நம் சந்ததியினருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.