எந்திரம் சொன்னால் போதுமா?

"கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்!"

வீட்டில் ஒரு நகை காணாமல் போனால் நம் பக்கத்தில் இப்படிக் கேட்பது உண்டு. நெஞ்சழுத்தம் உள்ள திருடன் 'பட்' என்று கற்பூரத்தை அடித்து அணைத்துவிட்டுப் போய்விடுவான். ஒரு பாவமும் அறியாத பெண்ணுக்குக் கை நடுங்கும். உடனே ஊர் என்ன சொல்லும்? "அவள்தான் எடுத்திருப்பாள். கை நடுங்கியதே!" என்று சொல்லும்.

நடுங்குகிறவர் எல்லாம் திருடர் அல்ல. நடுங்காதவர் எல்லாம் யோக்கியரும் அல்ல.

மேல்நாட்டில் இந்தக் கற்பூரத்துக்குப் பதில் ஓர் எந்திரம் செய்தார்கள். 'பொய் கண்டுபிடிக்கும் கருவி' என்று அதற்குப் பெயர். 1921-ம் ஆண்டு, அமெரிக்காவில் ஜான் லார்சன் என்ற போலீஸ்காரர் இதை உருவாக்கினார். மார்பில் ஒரு குழாயைச் சுற்றுவார்கள். அது மூச்சை அளக்கும். கையில் கட்டும் பட்டை ரத்த அழுத்தத்தை அளக்கும். விரலில் மாட்டும் கருவி வியர்வையை அளக்கும். கேள்வி கேட்கக் கேட்க, எந்திரம் கோடு கோடாக வரைந்து காட்டும்.

கவனியுங்கள்! அது அளப்பது படபடப்பை. பொய்யை அல்ல.

ராணுவ ரகசியம்

அமெரிக்காவில் ராணுவ ரகசியங்களைக் கையாளும் வேலைக்குத் தனி அனுமதி வேண்டும். அவற்றில் சில வேலைகளுக்கு இந்த எந்திரச் சோதனையும் உண்டு. அதில் ஒருவர் தோற்றுவிட்டால் என்ன ஆகும்? அனுமதி தாமதப்படும். மறுபடி சோதனைக்கு அழைப்பார்கள். அவருடைய பழைய வாழ்க்கையை எல்லாம் துருவுவார்கள். அதுவரை மனிதர் நெருப்பில் நிற்க வேண்டியதுதான்.

ஆனால் அந்த நாட்டிலேயே 2017-ம் ஆண்டு முதல் ஒரு விதி இருக்கிறது. வேறு முக்கியமான தகவல் எதுவும் இல்லாதபோது, எந்திரத்தின் முடிவை மட்டும் வைத்து ஒருவருக்கு அனுமதியை மறுக்கக்கூடாது என்பதே அந்த விதி.

அந்த விதி ஏன் வேண்டும் என்பதற்கு, 2003-ம் ஆண்டு அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகத்தின் அறிஞர்கள் போட்ட கணக்கே போதும். 10 ஆயிரம் ஊழியர்கள் இருக்கிறார்கள். அவர்களில் 10 பேர் ஒற்றர்கள் என்று வையுங்கள். 8 ஒற்றர்கள் அகப்படும் அளவுக்கு எந்திரச் சோதனையைக் கடுமையாக்கினால், ஏறத்தாழ 1,600 நல்லவர்களும் கூடவே மாட்டிக்கொள்வார்கள். அப்போதும் 2 ஒற்றர்கள் தப்பிவிடுவார்கள்!

தப்பியவர்கள்

ஆல்ட்ரிச் ஏம்ஸ் என்பவர் அமெரிக்க உளவு இலாகாவில் இருந்துகொண்டே, 1985 முதல் ரஷியாவுக்கு ரகசியங்களை விற்றார். 1986-லும் 1991-லும் எந்திரத்தின் முன் உட்கார்ந்தார். இரண்டு முறையும் தேறிவிட்டார். 1994-ல்தான் பிடிபட்டார். அனா மோன்டஸ் என்ற பெண் ராணுவ உளவு இலாகாவில் வேலை பார்த்தார். கியூபாவுக்கு வேவு பார்த்த அவரும் 1994-ல் எந்திரச் சோதனையில் தேறினார். 2001-ல் கைதானார்.

இவர்கள்தான் கற்பூரத்தை 'பட்' என்று அடித்தவர்கள்!

நம் நாட்டில்

நம் சுப்ரீம் கோர்ட்டு 5-5-2010 அன்று, செல்வி என்பவர் தொடர்ந்த வழக்கில் ஒரு பெரிய தீர்ப்பைச் சொன்னது. யாரையும் கட்டாயப்படுத்தி இந்தச் சோதனைக்கு உட்படுத்தக்கூடாது. அவரே சம்மதித்தாலும், சோதனை முடிவை மட்டும் சாட்சியமாக ஏற்க முடியாது. இது குற்ற வழக்குகளைப் பற்றிய தீர்ப்பு. ஆனால் அதில் உள்ள நியாயம் உத்தியோகத்துக்கும் பொருந்தும் என்பதே நம் கருத்து.

"நாட்டின் ரகசியம் என்றால் சந்தேகப்பட வேண்டாமா?" என்று கேட்கலாம். வேண்டும். நன்றாக விசாரிக்கட்டும். ஆனால் சந்தேகம் வேறு, தீர்ப்பு வேறு. எந்திரம் காட்டுவது சந்தேகம். மனிதர் தீர விசாரித்துச் சொல்வதுதான் தீர்ப்பு.

நமக்கு என்ன?

திருத்தணிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? உண்டு. பக்கத்து அரக்கோணத்தில் 1992 முதல் 'ராஜாளி' கடற்படை விமான தளம் இருக்கிறது. ராணுவ வேலை வேண்டும் என்று அதிகாலையில் ஓடிப் பழகும் பிள்ளைகள் நம் பக்கத்திலும் உண்டு. அவர்கள் சேரும்போது எந்திரம் வராது. ஓட்டம், எழுத்துத் தேர்வு, மருத்துவப் பரிசோதனை வரும். பிறகு போலீஸ் விசாரணை வரும்.

அந்த விசாரணைக்கு உண்மையே துணை. நம் ஊர் எல்லை ஊர். நகரியில் மாமா வீட்டில் தங்கிப் படித்த பிள்ளைகள் இருப்பார்கள். எங்கெங்கே குடியிருந்தாய் என்று படிவத்தில் கேட்டால், ஆந்திர விலாசத்தையும் எழுத வேண்டும். வழக்கு ஏதாவது உண்டா என்று கேட்டால், உள்ளதைச் சொல்ல வேண்டும். 2016-ல் அவதார் சிங் என்பவரின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவாக்கியது. வழக்கை மறைத்தால் கிடைத்த வேலையும் போகலாம். இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற அற்பக் குற்றமாக இருந்தால், அதிகாரிகள் மன்னிக்கவும் இடம் உண்டு.

ஆகவே, பெற்றோர்களே! "இதை எழுதாதே, யாருக்குத் தெரியப்போகிறது?" என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். சின்னக் குற்றத்துக்கு மன்னிப்பு கிடைக்கலாம். மறைத்ததற்குக் கிடைப்பது கடினம்.

அதிகாரிகளே! ஒரு பிள்ளையின் கை நடுங்கினால், அது ஏன் என்று விசாரியுங்கள். நடுங்கியதையே குற்றம் ஆக்கிவிடாதீர்கள்.