தனியறையில் இனிக்கும் பேஸ்

நான்கு வருடங்களுக்கு முன்பு, கிட்டத்தட்ட இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்து ஓர் ஐந்து தந்தி பேஸ் கிட்டார் வாங்கினேன். ஆக்டிவ் சர்க்யூட், இரண்டு 9 வோல்ட் பேட்டரி கேட்கும் ரகம். அமெரிக்க காஸ்பல் வாசிப்பாளர்களின் கையில் பார்த்துப் பார்த்து ஏங்கியது. வீட்டில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒரு வாரம் டோன் செய்தேன். லோவை ஏற்றினேன், ட்ரெபிளை ஏற்றினேன், நடுவில் இருக்கும் மிட்டைக் குழியாக வெட்டினேன். இக்வலைசரின் ஸ்லைடர்கள் சிரிக்கும் வாய் மாதிரி வளைந்து நின்றன. கேட்க அத்தனை இனிமை. ஞாயிற்றுக்கிழமை சபையில் வாசித்து முடித்து வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, கொயரில் பாடும் ஆன்ட்டி ஒருவர் வந்து கேட்டார்: "என்ன தம்பி, இன்னைக்கு நீ வாசிக்கலயா?"

கிண்டல் இல்லை. அவர் என்னிலிருந்து பத்தடி தள்ளித்தான் நின்றிருந்தார். நிஜமாகவே அவருக்குக் கேட்கவில்லை.

அந்தக் கேள்விக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்தான் இந்தக் கட்டுரை. காஸ்பல் இசைக்கான "நல்ல பேஸ் டோன்" என்று நம் சபைகளில் வாசிக்கும் பையன்கள் பேசுவது பெரும்பாலும் தவறு. கருவியில் தவறில்லை; டோனைச் சோதிக்கும் இடம்தான் தவறு. தனியறையில், தனியாக, ஹெட்ஃபோனில் சோதிக்கிறோம். இருநூறு பேர் வாய்திறந்து பாடும்போது கேட்க வேண்டிய ஒலியை, யாருமே பாடாத இடத்தில் தீர்மானிக்கிறோம்.

என் பேஸ் ஏன் காணாமல் போனது என்று இன்ஜினியரிங் படித்தவனாகக் கொஞ்சம் கணக்குப் பார்க்கிறேன். சத்தம் குறைவாக இருக்கும்போது மனிதக் காது கீழ் ஸ்வரங்களைக் குறைவாகவே கேட்கும். ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை வளைகோடுகளாக வரைந்து வைத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பயந்து மெல்ல வாசிக்கும்போது லோ போதவில்லை என்று தோன்றும், ஏற்றுவோம். அதே செட்டிங்கைச் சபையில் சத்தமாக வைத்தால் குமுறல்தான் மிஞ்சும். பேஸின் தாழ்ந்த ஈ தந்தி 41 ஹெர்ட்ஸ். அந்த அலையின் நீளம் 8 மீட்டருக்கு மேல். கான்கிரீட் ஹாலில் அது மூலைகளில் குவியும், நடு வரிசைகளில் சில இடங்களில் இல்லாமலே போகும். அது எந்த ஸ்வரம் என்று காதுக்குத் தெளிவாகச் சொல்வது அதற்கு மேலே, 200-லிருந்து 800 ஹெர்ட்ஸ் வரை இருக்கும் மிட்தான். அதைத்தான் நான் வெட்டியிருந்தேன். மிஞ்சிய குமுறலைக் கிக் டிரம் விழுங்கியது, தந்தியின் 'டிக்' சத்தத்தை சிம்பல் விழுங்கியது. ஹால் குமுறுகிறதே என்று சவுண்ட் பார்க்கிற அண்ணன் என் ஃபேடரையும் இறக்கிவிட்டார். அவர்மீது குற்றமில்லை.

"அது நம்மூர் ஹாலோட பிரச்சினை, அமெரிக்காவில் எல்லாம் இப்படி இல்லை" என்பார்கள். சரி, அங்கேயே போவோம். ஆப்பிரிக்க அமெரிக்கத் தேவாலயங்களில் பேஸ் கிட்டார் வந்து நுழைந்தது காலியான வீட்டில் அல்ல. ஹாமண்ட் ஆர்கன் 1935-லேயே விற்பனைக்கு வந்துவிட்டது. ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸ் வந்தது 1951-ல். ஆர்கன் வாசிப்பவரின் இடது கையும், 25 பெடல்கள்மேல் ஓடும் காலும் கீழ் ஸ்வரங்களைப் பார்த்துக்கொண்டன. அந்த ஒலி உருண்டையானது. காலை எடுத்தவுடன் நின்றுவிடும். அப்படிப்பட்ட வீட்டுக்குள் வரும் பேஸ்காரன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "நான் எப்படி ஒலிக்கிறேன்" என்பதா? "ஆர்கன்காரரின் இடது கை இப்போது எங்கே இருக்கிறது" என்பதுதான்.

1972 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலீஸின் நியூ டெம்பிள் மிஷனரி பாப்டிஸ்ட் தேவாலயத்தில் அரேத்தா ஃபிராங்க்ளின் இரண்டு இரவுகள் பாடிப் பதிவுசெய்த 'அமேசிங் கிரேஸ்' தொகுப்பைக் கேளுங்கள். பேஸ் சக் ரெய்னி, டிரம்ஸ் பெர்னார்ட் பர்டி. ஆர்கன் இருக்கிறது, பியானோ இருக்கிறது, ஜேம்ஸ் கிளீவ்லண்டின் பெரிய கொயர் இருக்கிறது, இடையிடையே கூச்சலிடும் சபையும் இருக்கிறது. இத்தனைக்கும் அடியில் ரெய்னியைத் தேடிப் பாருங்கள், கிடைப்பார். மினுக்கும் ட்ரெபிளால் அல்ல. நடுப்பகுதி நிறைந்த ஒலியாலும், ஸ்வரத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த கையாலும். அந்தப் பேஸை மட்டும் தனியே பிரித்துக் கேட்டால் நம் பையன்கள் "டல்லா இருக்கே ப்ரோ" என்று சொல்லக்கூடும். அந்த டல்தான் கொயரின் குரலுக்கு இடம் விடுகிறது.

எதிர்த்தரப்புக்கு ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. காஸ்பலில் ஏ ஃப்ளாட், டி ஃப்ளாட், ஈ ஃப்ளாட் எல்லாம் அன்றாடச் சுருதிகள். நான்கு தந்தி பேஸில் ஈ-க்குக் கீழே ஒன்றுமில்லை. பாட்டு டி ஃப்ளாட்டில் வந்து முடியும்போது நாம் மேலேறி முடிக்க வேண்டும். ஆர்கனின் பெடலோ கீழே இறங்கி உட்கார்ந்திருக்கும். 31 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் ஐந்தாவது தந்தி, பி, அந்தப் பள்ளத்தை அடைக்கிறது. நம் சபைகளுக்கும் இது பொருந்தும். எங்கள் கீபோர்டு அண்ணன் டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திவிட்டு சி மேஜரிலேயே சுகமாக வாசிப்பார். ஈ ஃப்ளாட்டில் மாட்டிக்கொண்டு முழிப்பது நான்தான். ஆக ஐந்தாவது தந்தி தேவை. வேகமான துதிப் பாடல்களில் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் கேட்கக் கொஞ்சம் ட்ரெபிளும் தேவை. இதெல்லாம் இசையின் தேவையிலிருந்து வந்தவை. நாம் அந்தத் தேவையைப் பார்க்காமல், பேஸை மட்டும் முன்னால் நிறுத்தி மிக்ஸ் செய்த இரண்டு நிமிட வீடியோவைப் பார்த்துவிட்டுப் பொருளை வாங்குகிறோம். வீடியோவில் யாரும் பாடுவதில்லை என்பதைக் கவனிப்பதில்லை.

நான் மாற்றியது சொற்பம். எல்லாக் குமிழ்களையும் நடுவில் நிறுத்தினேன். 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே லோ கட், 300-க்கு அருகில் சின்ன ஏற்றம். ஃபிரெட்டில் அழுத்தும் இடது கை விரலைக் கொஞ்சம் தளர்த்தி ஸ்வரத்தை நேரத்தில் நிறுத்தப் பழகினேன். வாசிக்காத தந்திகளை வலது கையால் ஊமையாக்கினேன். இதற்கு ஆறு மாதம் ஆனது, செலவு பூஜ்யம். மோட்டவுனின் ஜேம்ஸ் ஜேமர்சன் பழைய ஃபிளாட்வூண்ட் தந்திகளை மாற்றாமல், பிரிட்ஜ் அருகே ஸ்பாஞ்சை வைத்து, ஒரே விரலால் வாசித்தார் என்பதைப் படித்துவிட்டு நானும் ஒரு துண்டு ஸ்பாஞ்சைச் செருகிப் பார்த்தேன். மெதுவான பாடல்களுக்கு அது நான் பார்த்துவைத்திருந்த எந்தப் பெடலையும்விட உதவியது. கடைசியாக, கீபோர்டு அண்ணனிடம் போய், "அண்ணே, நான் வாசிக்கிறப்ப இடது கையைக் கொஞ்சம் மேல வச்சுக்குங்க" என்று கேட்டேன். கேட்பதற்குத்தான் கூச்சமாக இருந்தது. அவர் உடனே சரி என்றார்.

இதில் போவது என்ன, ஒரு கிட்டார் சத்தம்தானே என்று கேட்கலாம். சபையில் பாடுகிறவர்களில் பலர் சங்கீதம் கற்றவர்கள் இல்லை. எந்தச் சுருதியில் நிற்கிறோம் என்று அவர்களுக்குக் கீழேயிருந்து சொல்வது பேஸ். அது மூட்டமாக இருந்தால் அவர்கள் முணுமுணுப்பார்கள், பிறகு வாயை மூடிவிடுவார்கள். மேடையில் ஆறு பேர் பாட, கீழே இருநூறு பேர் பார்க்கும் கச்சேரியாகிவிடும். எனக்குத் தெரிந்த இரண்டு சபைகளில் "பேஸ் கேக்கவே இல்லையே, எதுக்கு ஒரு ஆளு" என்று கீபோர்டின் ஸ்ப்ளிட் பேஸுக்கு மாறிவிட்டார்கள். வாசித்துக்கொண்டிருந்த பையன்கள் இப்போது பின்வரிசையில் மொபைல் பார்க்கிறார்கள். கூட்டத்தில் கேட்காத டோனைச் செய்ததன் விலை அது.

போன மாதம் கல்லூரி படிக்கும் தம்பி ஒருவன் பெடல் வாங்க வேண்டும் என்று லிங்க் அனுப்பினான். இ.எம்.ஐ. போடப்போகிறானாம். வாங்காதே என்று நான் சொல்லவில்லை. சனிக்கிழமை ரிகர்சலுக்கு ஒரு நீள வயர் கொண்டுவரச் சொன்னேன். நடு வரிசையில் நின்றுகொண்டு, கொயர் பாடும்போது அவனே வாசித்து அவனே கேட்க வேண்டும். தன் பேஸ் எங்கே இருக்கிறது என்று அங்கே நின்று கண்டுபிடித்த பிறகும் அந்தப் பெடல் வேண்டும் என்று தோன்றினால், கடைக்கு நானே கூட வருகிறேன்.