அப்பாவின் பழைய லென்ஸும் ஒரு பச்சைப் புள்ளியும்

பெரம்பலூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பா கல்யாண போட்டோகிராபர். ஸ்டுடியோவை மூடிப் பல வருடம் ஆகிறது. பீரோவில் ஒரு நிக்கான் 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸ் பத்திரமாக இருக்கிறது. அதை மாட்டியிருந்த கேமராவின் ஷட்டர்தான் போய்விட்டது. பேத்தியை ஒரு ரோலாவது ஃபிலிமில் எடுத்துவிட வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. ஆனால், வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு ஃபோகஸ் பிடிபடவில்லை. என்ன கேமரா வாங்கலாம்?

பதில் கொஞ்சம் விநோதமாகத் தோன்றும். கையால் திருப்பும் அந்த லென்ஸுக்கு, ஆட்டோஃபோகஸ் ஃபிலிம் கேமரா வாங்குங்கள்.

பழைய கேமராவின் வியூஃபைண்டருக்கு நடுவில் ஒரு சின்ன வட்டம் இருக்கும். அதில் மணப்பெண்ணின் மூக்கு இரண்டு துண்டாகத் தெரியும். வளையத்தைத் திருப்பி ஒட்டவைத்தால் ஃபோகஸ் வந்துவிட்டது என்று அர்த்தம். 1980-களின் நடுவில் ஆட்டோஃபோகஸ் பரவியதும் பெரும்பாலான கேமராக்களில் அந்த வட்டம் காணாமல்போனது. பதிலுக்கு உள்ளே ஒரு சென்சார் வந்தது. லென்ஸின் இரண்டு ஓரங்கள் வழியாக வரும் ஒளியைத் தனித்தனியாக வாங்கி, இரண்டு பிம்பங்களும் பொருந்துகின்றனவா என்று அது அளக்கிறது. அதே ஒட்டவைக்கும் வேலைதான், கண்ணுக்குப் பதில் மின்னணு செய்கிறது. இதற்கு லென்ஸில் மோட்டார் தேவையில்லை. ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்திக்கொண்டு வளையத்தைத் திருப்பினால், சரியான இடத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். எஃப்100 மாதிரியில் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அம்புக்குறியும் காட்டும்.

கடைக்குப் போகும்முன் ஒரு எச்சரிக்கை. நிக்கான் 1959-லிருந்து ஒரே மவுன்ட்டை வைத்திருப்பதால் லென்ஸ் மாட்டிக்கொள்ளும். ஆனால், எல்லா கேமராவும் ஒரே மாதிரி ஒத்துழைக்காது. விலை குறைவு என்று பலரும் வாங்கும் எஃப்65, எஃப்75, எஃப்80 மூன்றிலும் பச்சைப் புள்ளி எரியும், லைட் மீட்டர் வேலை செய்யாது. வெளிச்சத்தை நீங்களே கணக்குப்போட வேண்டும். எஃப்801, எஃப்90, எஃப்100 ஆகியவற்றில் புள்ளியும் உண்டு, மீட்டரும் உண்டு. இன்னொரு வசதி, இந்த மூன்றுக்கும் ரிமோட்டில் போடும் சைஸ் பேட்டரி நான்கு போதும். எஃப்75-க்கு வேண்டிய சிஆர்2 பேட்டரியைப் பெட்டிக்கடையில் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

லென்ஸையும் பாருங்கள். அபெர்ச்சர் எண்கள் பெரிதாக ஒரு வரிசை, சின்னதாக இன்னொரு வரிசை என்று இரண்டு இருந்தால் அது 1977-க்குப் பிறகு வந்த ஏ.ஐ. வகை. (இன்றைய ஏ.ஐ. இல்லை. அப்போது அந்த எழுத்துகளுக்கு வேறு வேலை இருந்தது!) ஒரே வரிசைதான் என்றால் மெக்கானிக்கிடம் காட்டாமல் மாட்டாதீர்கள். கேமராவின் சின்ன நெம்புகோல் உடைந்துபோகலாம்.

ஜெனிட் கேமராவோடு வந்த திருகு லென்ஸ் வைத்திருப்பவர்களுக்குக் கேனன் இஓஎஸ் பொருந்தும். ஆனால், சிப் பதித்த அடாப்டராகக் கேட்டு வாங்க வேண்டும். சிப் இல்லாவிட்டால் ஃபோகஸ் சிக்னல் வராது.

சரி, புள்ளி எரிந்துவிட்டது. நம்பிவிடலாமா? முழுசாக நம்பாதீர்கள். அது பொய் சொல்வதில்லை, ஆனால் குறுகிய பார்வைக்காரன்.

இதைப் புரிந்துகொள்ள சாத்தனூருக்குப் போய் வரலாம். பெரம்பலூர் மாவட்டத்தில் சுமார் 12 கோடி வருடத்துக்கு முந்தைய மரம் ஒன்று கல்லாகிப் படுத்துக்கிடக்கிறது. நீளம் ஏறக்குறைய 18 மீட்டர். எஃப்801 போன்ற தொடக்க கால கேமராக்களின் சென்சாருக்கு நெட்டுக்குத்துக் கோடுகள்தான் தெரியும். கிடந்த மரத்தின் ரேகைகளோ படுக்கைவாட்டில் ஓடுகின்றன. பக்கவாட்டில் நின்று பார்த்தால் புள்ளி எரியாமல் அடம்பிடிக்க வாய்ப்பு அதிகம். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி ஃபோகஸ் பிடித்து, மறுபடி படுக்கவைத்து எடுங்கள். கங்கைகொண்ட சோழபுரத்தில் இந்தத் தொல்லை குறைவு. அரைத்தூண்கள், மாடங்கள், சிற்பங்கள் என்று சுவர் முழுக்க விளிம்புகள். காலை வெயில் சாய்ந்து விழும்போது புள்ளிக்குக் கொண்டாட்டம்தான்.

கரைவெட்டி பறவைகளை எடுக்க 500 எம்.எம். மிரர் லென்ஸோடு கிளம்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது பெரும்பாலும் எஃப் 8. இந்த சென்சார்களுக்கு எஃப் 5.6 அளவு வெளிச்சமாவது வேண்டும். அங்கே உங்கள் கண்தான் துணை.

இனி பேத்திக்கு வருவோம். 50 எம்.எம். லென்ஸை எஃப் 1.8-ல் திறந்துவைத்து 1 மீட்டரில் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் மொத்தமே 4 சென்டிமீட்டர் சொச்சம். வளையத்தைக் கொஞ்சம் அசைத்தாலும் புள்ளி எரிந்துகொண்டுதான் இருக்கும். அந்த இடைவெளிக்குள் கண்ணிலிருந்து காதுக்கு ஃபோகஸ் நழுவியிருக்கும். புள்ளி எரியத் தொடங்கும் இடம், அணையும் இடம் இரண்டையும் விரலால் உணர்ந்து நடுவில் நிறுத்துவது நல்லது. அதைவிட எளிது, எஃப் 4-க்குப் போய்விடுவது. ஆழம் 10 சென்டிமீட்டர் அளவுக்கு வந்துவிடும்.

சென்சாருக்குப் பளிச்சென்ற விளிம்புதான் பிடிக்கும். நெற்றிச்சுட்டியும் ஜரிகையும் அருகில் இருந்தால் கண்ணை விட்டுவிட்டு அங்கே தாவிவிடும். குழந்தைக்கு அலங்காரம் பண்ணிவிட்டுத்தான் போட்டோ என்று பாட்டி நிற்பார், அதுவும் நியாயம்தான். அப்படியானால் சென்சாரின் சதுரத்தை நகைக்குக் கீழே, இமைமேல் வையுங்கள்.

இவ்வளவு ஜாக்கிரதை எதற்கென்றால், 36 ஷாட்தான். ஊட்டியில் 1967-ல் உற்பத்தி தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ ஃபிலிம் இப்போது இல்லை. வெளிநாட்டு கலர் ரோலும் கழுவும் செலவும் சேர்ந்து ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடுகிறது. எடுத்தவுடன் திரையில் பார்த்து, இன்னொரு முறை சிரிக்கச் சொல்லவும் முடியாது.

ஆனால், கேமரா சரியா என்று பார்க்க ஃபிலிமே வேண்டாம். அப்பாவையும் லென்ஸையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள், ஒரு இஞ்ச் டேப்பும் ஒரு செய்தித்தாளும் கையில் இருக்கட்டும். கேமரா மேல்புறம் வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட குறி இருக்கும், ஃபிலிம் இருக்கும் இடம் அதுதான். அங்கிருந்து சரியாக 1 மீட்டரில் தலைப்புச் செய்தியைப் பிடிக்கச் சொல்லி, புள்ளி எரியும்வரை அப்பாவே வளையத்தைத் திருப்பட்டும். லென்ஸில் உள்ள தூர அளவும் 1 மீட்டர் பக்கத்தில் நின்றால் பேரத்தைத் தொடங்கலாம். வெகுவாகத் தள்ளி நின்றால் அடுத்த கேமராவைக் கேளுங்கள். வியூஃபைண்டர் ஓரத்தில் பார்வைக்கு ஏற்ப நகர்த்தும் சின்னக் குமிழ் இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். வெள்ளெழுத்துக் கண்ணுக்குப் பச்சைப் புள்ளியே மங்கலாகத் தெரிந்தால் பிரயோஜனமில்லையே.